லிவியாவும் உரோம முடியாட்சியின் தோற்றமும்: பதவியற்ற அதிகாரம் பற்றிய ஒரு நோக்கு

உரோமப் பேரரசியருள் முதல்வியாக வைத்தெண்ணப்படுபவள் லிவியா துறூசில்லா. கி.மு. 58ஆம் ஆண்டளவிற் பிறந்து கி.பி. 29இல் மறைந்த இவள், ஒகஸ்ரஸின் மனைவியாக 51 ஆண்டுகளும், அவனுக்குப் பின் ஆட்சிக்கு வந்த ரைபீரியஸின் தாயாக மேலும் 15 ஆண்டுகளும் உரோம உலகின் அதிகார மையத்தில் வாழ்ந்தவள். ஒகஸ்ரஸிற்கு அவள் வயிற்றிற் பிள்ளைகள் நிலைக்கவில்லை. எனினும் அவனுக்குப் பின் கி.பி. 68 வரை ஆண்ட நால்வரும் லிவியாவின் இரத்த வழியினரே. ரைபீரியஸ் அவளது மகன், கலிகூலா பேரனின் மகன், குளோடியஸ் பேரன், நீரோ அவ்வழியில் மேலும் ஒரு தலைமுறை பிந்தியவன்.

இத்தகைய ஒருத்தி வரலாற்று நூல்களிற் பெரும்பாலும் இரு வார்ப்புகளில் ஒன்றாகவே தோன்றுகிறாள். ஒன்று, தன் மகனை அரியணையேற்றுவதற்காக ஒருவர் பின் ஒருவராக நஞ்சூட்டிக் கொன்ற மாற்றாந்தாய் என்பது. ரசிற்றஸ், டியோ காசியஸ் ஆகிய வரலாற்றாசிரியர்கள் தந்த குறிப்புகளிலிருந்து வளர்ந்த இவ்வார்ப்பு, றொபேட் கிறேவ்ஸ் 1934இல் வெளியிட்ட ‘நான், குளோடியஸ்’ என்னும் நாவலாலும், அதனைத் தழுவி 1976இல் பி.பி.சி. ஒளிபரப்பிய தொலைக்காட்சித் தொடராலும் உலகெங்கும் பரவியது. மற்றையது, கற்பிற் சிறந்த இல்லாள், நாட்டின் நற்றாய் என்பது. இது ஒகஸ்ரஸின் ஆட்சி தானே வார்த்துப் பரப்பிய உருவம்.

இரண்டும் தம்முள் முரண்படுவனவாகத் தோன்றினும், ஒரு விடயத்தில் ஒன்றுபடுகின்றன. இரண்டுமே லிவியாவின் செல்வாக்கை அவளது தனிப்பட்ட குணத்தின் விளைவாகக் காண்கின்றன. வாக்குரிமையோ அரசியற் பதவியோ பெண்களுக்கு எவ்வகையிலும் இல்லாதிருந்த ஒரு சமூகத்தில், ஒரு பெண்ணின் சொல்லுக்கு அரசியற் பெறுமதி எவ்வாறு ஏற்பட்டது? அச்செல்வாக்கின் பொருளாதார அடித்தளம் யாது? அது எவர் நலனுக்குப் பயன்பட்டது? இவ்வினாக்களை இரு வார்ப்புகளும் எழுப்புவதில்லை. இவற்றையே நாம் இக்கட்டுரையில் ஆராய முற்படுகிறோம்.

உள்நாட்டுப் போரும் ஒரு திருமணமும்

லிவியாவின் தந்தை மார்க்கஸ் லிவியஸ் துறூசஸ் குளோடியானஸ். பிறப்பாற் குளோடிய குலத்தவனான இவன் தத்தெடுப்பினால் லிவிய குலத்திற் சேர்ந்தவன். உரோமக் குடியரசின் மிகப் பழைய ஆளுங் குடும்பங்களுள் ஒன்று குளோடிய குலம். யூலியஸ் சீசரின் கொலைக்குப் பின் மூண்ட போரில் அவன் புறூட்டஸ், காசியஸ் ஆகியோரின் பக்கம் நின்றான். கி.மு. 42இல் பிலிப்பி என்னுமிடத்தில் அவ்வணி தோற்றபோது தன்னுயிரைத் தானே மாய்த்துக்கொண்டான். லிவியாவின் முதற் கணவனும் உறவினனுமான ரைபீரியஸ் குளோடியஸ் நீரோவும் ஒக்ரேவியனுக்கு (பிற்காலத்து ஒகஸ்ரஸ்) எதிரணியிலேயே நின்றான். பெரூசியா நகர் வீழ்ந்த பின் அவன் நேப்பிள்ஸ் பகுதியில் அடிமைகளுக்கு விடுதலை தருவதாகக் கூறி அவர்களைத் திரட்ட முயன்று தோற்றான் எனச் சுவெற்றோனியஸ் குறிப்பிடுகிறார். ஆளுங் குழுக்கள் தமக்குள் மோதியபோது அடிமைகளின் விடுதலை ஒரு போர்த் தந்திரமாக மட்டுமே நினைவுகூரப்பட்டது என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது.

கி.மு. 40இல் லிவியா கைக்குழந்தையோடும் கணவனோடும் சிசிலிக்கும், பின்னர் கிரேக்கத்துக்கும் தப்பியோடினாள். ஸ்பார்ட்டாவிலிருந்து இரவிற் புறப்பட்டபோது காட்டுத்தீயில் அகப்பட்டு அவளது ஆடையும் கூந்தலும் கருகின என்று கூறப்படுகிறது. அடுத்த ஆண்டு ஏற்பட்ட உடன்படிக்கையின் பயனாக அவர்கள் உரோம் நகருக்குத் திரும்பினர். அதன் பின் நிகழ்ந்தது வியப்புக்குரியது. தன் மனைவி ஸ்கிறிபோனியா யூலியா என்னும் மகளை ஈன்ற அன்றே ஒக்ரேவியன் அவளை மணவிலக்குச் செய்தான். லிவியா தன் கணவனிடமிருந்து மணவிலக்குப் பெற்றாள். கி.மு. 38 தை மாதம் 17ஆந் திகதி ஒக்ரேவியனும் லிவியாவும் மணம் புரிந்தனர். அப்போது அவள் முதற் கணவனாற் கருவுற்றிருந்தாள். முன்னைக் கணவனே தந்தையின் இடத்தில் நின்று அவளை மணஞ்செய்து கொடுத்தான்.

இதனைக் காதற் கதையாகக் கூறுவோர் உளர். காதல் இருந்திருக்கலாம், இத்திருமணம் அத்தனை நீண்ட காலம் நிலைத்தமை அதற்குச் சான்றாகலாம். ஆயினும் அதன் அரசியல் உள்ளடக்கத்தை நாம் புறக்கணித்தலாகாது. ஒக்ரேவியன் தந்தை வழியில் உள்ளூர்ப் பிரபுக் குடும்பம் ஒன்றிலிருந்து வந்தவன்; அவன் தந்தையே அக்குடும்பத்தில் முதன்முதலாக மூதவையிற் புகுந்தவன். ஆயுத பலத்தால் எழுந்த அவனுக்குப் பழைய உயர்குடியினரின் அங்கீகாரம் தேவைப்பட்டது. தோல்வியுற்ற அவ்வுயர்குடியினருக்கோ உயிரும் உடைமையும் மீள ஒரு வழி தேவைப்பட்டது. இவ்விரு தேவைகளும் சந்தித்த இடமே லிவியாவின் திருமணம். வெல்லப்பட்ட வர்க்கப் பகுதியினருக்கும் வென்றவனுக்குமிடையே ஏற்பட்ட சமரசத்தின் உருவமாக அவள் ஒக்ரேவியனின் வீட்டிற் புகுந்தாள் எனலாம்.

சட்டத்தில் ஏற்பட்ட விலக்கு

உரோமச் சட்டப்படி, தந்தையின் ஆளுகையிலிருந்தோ கணவனின் ஆளுகையிலிருந்தோ நீங்கிய பெண்ணும் முக்கியமான சொத்து நடவடிக்கைகளில் ஈடுபடுவதற்கு ஆண் பாதுகாவலன் ஒருவனின் சம்மதத்தைப் பெறவேண்டும். கி.மு. 35இல் லிவியாவுக்கும் ஒக்ரேவியனின் தமக்கை ஒக்ரேவியாவுக்கும் மூன்று சலுகைகள் வழங்கப்பட்டன. பாதுகாவலன் இன்றித் தம் சொத்தைத் தாமே ஆளலாம் என்பது ஒன்று. பொதுவிடங்களில் அவர்களுக்குச் சிலை நிறுவலாம் என்பது இரண்டாவது. மக்கள் பிரதிநிதிகளான திரிபியூன்களுக்கு இருந்ததைப் போன்று அவர்களது உடலைத் தீண்டவொண்ணாத புனிதமாகக் கருதவேண்டும் என்பது மூன்றாவது.

இம்மூன்றாவது சலுகை ஆழ்ந்து நோக்கற்பாலது. எளிய குடிமக்கள் உயர்குடியினருக்கெதிராக நீண்ட காலம் போராடித் தம் பிரதிநிதிகளுக்குப் பெற்றுக்கொண்ட பாதுகாப்பு அது. இப்போது அது மக்கள் இயக்கத்துடன் எவ்விதத் தொடர்புமற்ற இரு பிரபு மகளிருக்கு அணிவிக்கப்பட்டது. அக்காலத்தில் ஒக்ரேவியா அன்ரனியின் மனைவி. அன்ரனியோ எகிப்தில் கிளியோபாற்றாவுடன் வாழ்ந்தான். ஆதலால் அவளுக்கு இழைக்கப்படும் அவமதிப்பு உரோம அரசுக்கே இழைக்கப்பட்டதாகிவிடும். ஒரு குடும்பத்தின் மானம் அரசின் மானமாக மாறியதன் தொடக்கத்தை இச்சலுகையிற் காண்கிறோம்.

கி.மு. 27இல் ஒக்ரேவியன் ‘ஒகஸ்ரஸ்’ என்னும் பட்டத்தைப் பெற்றான். பெயரளவிற் குடியரசு மீட்கப்பட்டது. மூதவையும் கொன்சல்களும் தேர்தல்களும் தொடர்ந்தன. ஆயின் படையும் நிதியும் மாகாணங்களின் பெரும்பகுதியும் ஒருவன் கையிலிருந்தன. முன்னர் மன்றத்திலும் மூதவையிலும் வாதிட்டு முடிவுசெய்யப்பட்டவை இப்போது பலத்தைன் குன்றிலிருந்த ஒரு வீட்டில் முடிவாயின. லிவியாவின் செல்வாக்கை விளங்கிக்கொள்வதற்கான திறவுகோல் இம்மாற்றமே. உரோம மரபு பெண்ணுக்கு மன்றத்தில் இடமளிக்கவில்லை, வீட்டில் இடமளித்தது. அரசு வீட்டினுள் வந்தபோது அவ்வீட்டின் தலைவி தான் இருந்த இடத்திலிருந்தே அரசியலின் நடுவில் நிற்பவளானாள். பழைய வரையறை எதனையும் அவள் வெளிப்படையாக மீறவேண்டியிருக்கவில்லை.

பரிந்துரையும் அதன் எல்லையும்

இச்செல்வாக்கு எவ்வாறு தொழிற்பட்டது என்பதற்குச் சில உறுதியான சான்றுகள் உள. அவற்றுள் ஒன்று, இன்றைய துருக்கியிலுள்ள அப்புரோடிசியஸ் நகரிற் கல்லில் வெட்டப்பட்டு, 1982இல் வெளியிடப்பட்ட ஒகஸ்ரஸின் கடிதம். சாமோஸ் தீவினர் தமக்குச் சுதந்திர நகர உரிமை வேண்டுமென விண்ணப்பித்தனர். தன் மனைவி அவர்களுக்காக ஊக்கத்துடன் முயல்கிறாள் என்றும், அவளுக்கு இணங்கத் தான் விரும்பினும் தக்க காரணமின்றி அவ்வுரிமையை வழங்கவியலாது என்றும் ஒகஸ்ரஸ் மறுத்துரைக்கிறான். பின்னர் கி.மு. 20ஆம் ஆண்டளவிற் சாமோஸ் அவ்வுரிமையைப் பெற்றது.

சுவெற்றோனியஸ் தரும் செய்தி ஒன்றும் இத்தகையது. திறை செலுத்தும் கல்லியன் ஒருவனுக்கு உரோமக் குடியுரிமை வழங்குமாறு லிவியா கேட்டாள். ஒகஸ்ரஸ் அதனை மறுத்து, அவனுக்கு வரிவிலக்கு மட்டும் அளித்தான். கருவூலத்திற்கு ஏற்படும் நட்டத்தைவிடக் குடியுரிமை மலிவதையே தான் பெரிதும் அஞ்சுவதாக அவன் கூறினானாம். அவளுடன் முக்கிய விடயங்களைப் பேசுவதற்கு முன் அவன் குறிப்பெழுதி வைத்துக்கொள்வது வழக்கம் என்றும் அதே ஆசிரியர் கூறுகிறார்.

இச்சான்றுகளிலிருந்து நாம் பெறுவன இரண்டு. முதலாவது, லிவியா பரிந்து பேசுவது மறைவான சூழ்ச்சியாக இருக்கவில்லை. பேரரசனே அதனை ஓர் உத்தியோகக் கடிதத்திற் குறிப்பிடுகிறான். அயல் நகரத்தார் அதனைக் கல்லில் வெட்டி வைக்கின்றனர். மறுக்கப்பட்ட வேண்டுகோளும் பயனற்றதாகவில்லை. அவள் தமக்காக முயன்றாள் என்பதைச் சாமோஸ் மக்கள் அறிந்துகொண்டனர். இரண்டாவது, அச்செல்வாக்கிற்கு எல்லை இருந்தது. இறுதி முடிவு அவளுடையதன்று. கேட்பதற்கு அவளுக்கு வழியிருந்தது. கட்டளையிடுவதற்கு உரிமை இருக்கவில்லை.

சின்னா என்பவனின் சதி பற்றிய கதையும் இங்கு பொருத்தமானது. அவனைக் கொல்லாது மன்னிக்குமாறு லிவியா அறிவுரை கூறினாள் எனச் செனெக்காவும் டியோவும் எழுதுகின்றனர். டியோ அவள் வாயில் வைக்கும் நீண்ட பேருரை அவரது சொந்தப் படைப்பென்பதில் ஐயமில்லை. எனினும் அவ்வறிவுரையின் தருக்கம் அக்கால அரசியலுக்கு உரியது. கொலைகள் பகைவரைப் பெருக்கின. மன்னிப்பு ஒருவனைக் கடமைப்பட்டவனாக்கியது. சின்னா கி.பி. 5இற் கொன்சலாகப் பதவியேற்றான். உயர்குடியினரைப் புரவலனுக்குக் கட்டுண்டோராக மாற்றும் புதிய ஆட்சிமுறையின் இலக்கணம் இக்கதையில் அடங்கியுள்ளது.

சொத்தும் அடிமை உழைப்பும்

புரவலர் என நிற்பதற்குக் கொடுக்கத்தக்க பொருள் வேண்டும். லிவியாவின் சொத்துப் பற்றிக் கிடைக்கும் செய்திகள் உரோமப் பேரரசின் பரப்பையே எமக்கு நினைவூட்டுகின்றன. யூதேயாவின் மன்னன் ஏரோதின் தங்கை சலோமி, யம்னியா என்னும் நகரையும் அதனோடு பசாயெலிஸ், ஆர்க்கெலாயிஸ் ஆகிய ஊர்களிலிருந்த பேரீச்சந் தோட்டங்களையும் லிவியாவுக்கு மரணசாசனஞ் செய்தாள் என யோசேபஸ் எழுதுகிறார். எகிப்தில் அவளுக்கிருந்த நிலங்களையும் பப்பைரஸ் நாணற் சதுப்புகளையும் பற்றி அந்நாட்டுப் பப்பைரஸ் ஏடுகளே கூறுகின்றன. கல்லியாவில் அவள் பெயரால் வழங்கிய ஒரு செப்புச் சுரங்கத்தைப் பிளினி குறிப்பிடுகிறார். பெரும் பணக்காரர் தம் மரணசாசனத்திற் பெண்களுக்கு வழங்கத்தக்க சொத்தைக் கட்டுப்படுத்த கி.மு. 169இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டிருந்தது. அதிலிருந்து விலக்குப் பெற்றே ஒகஸ்ரஸ் தன் சொத்தில் மூன்றிலொரு பங்கை மனைவிக்கு விட்டுச்சென்றான்.

இச்சொத்தை உழைப்பால் நிலைநிறுத்தியோர் எவர்? 1726இல் உரோம் நகருக்கு வெளியே அப்பிய வீதியோரமாக ஒரு நிலவறைக் கல்லறை கண்டுபிடிக்கப்பட்டது. லிவியாவின் வீட்டு அடிமைகளினதும் அடிமைநிலை நீங்கியோரினதும் சாம்பற் கலசங்களை வைப்பதற்காக அமைந்த அக்கட்டடத்தில் ஆயிரம் பேரளவினருக்கு இடமிருந்தது. அங்கு கிடைத்த சிறு கற்பலகைகளில் இறந்தோரின் பெயரோடு அவர்தம் தொழிலும் குறிக்கப்பட்டுள்ளது. கூந்தல் அலங்கரிப்பவள், எண்ணெய் தேய்ப்பவள், ஆடை மடிப்பவர், ஊதா ஆடைகளைப் பராமரிப்பவர், கிழிசல் தைப்பவள், காலணி செய்பவன், பொற்கொல்லன், முத்துப் பதிப்பவன், மருத்துவன், மருத்துவிச்சி, கணக்கெழுதுபவன், நூற்போருக்குக் கம்பளியை நிறுத்துக் கொடுப்பவன் என அப்பட்டியல் நீளுகிறது.

தொழில்கள் இத்துணை நுணுக்கமாகப் பிரிக்கப்பட்டமை வெறும் ஆடம்பரத்தைக் காட்டுவது மட்டுமன்று. பேரரசின் நிருவாகத்துக்கென முறையான அலுவலர் அமைப்பு இன்னும் உருவாகாத காலம் அது. பெருங் குடும்பமொன்றின் அடிமைகளும் அடிமைநிலை நீங்கியோருமே கணக்கையும் கடிதத்தையும் தூதையும் கவனித்தனர். லிவியாவின் வீடு இவ்வகையில் ஒரு சிறு அரசாங்கமாகவே இயங்கியது. எந்த ஆண் அதிகாரிக்கும் குறையாத ஆளணி அவள் வசமிருந்தது. அவள் இறந்தபோது மூதவை அவளுக்கு ஒரு வெற்றி வளைவு எழுப்பத் தீர்மானித்தது. உரோமப் பெண் எவருக்கும் அதற்குமுன் கிடைக்காத மரியாதை அது. அவள் பலரின் உயிரைக் காத்தாள், பலரின் பிள்ளைகளை வளர்த்தாள், பலரின் பெண்களுக்குச் சீதனம் கொடுக்க உதவினாள் என்பனவே அதற்குக் காட்டப்பட்ட காரணங்கள். மூதவையோரிற் கணிசமானோர் அவளுக்குக் கடன்பட்டிருந்தனர் என்பதன்றி வேறு யாது பொருள்?

கம்பளி நூற்கும் இல்லாள்

இத்தகைய சொத்துக்குரியவளை ஒகஸ்ரஸின் ஆட்சி எவ்வாறு மக்களுக்குக் காட்டியது என்பது அடுத்து நோக்கத்தக்கது. மனைவியும் தமக்கையும் மகளும் பேத்தியரும் வீட்டில் நெய்த ஆடையையே ஒகஸ்ரஸ் அணிந்தான் என்று கூறப்பட்டது. கம்பளி நூற்றல் பழைய உரோம இல்லாளின் அடையாளம். கி.மு. 9இல், லிவியாவின் பிறந்த நாளாகிய தை மாதம் 30ஆந் திகதியன்றே புகழ்பெற்ற அமைதிப் பலிபீடம் அர்ப்பணிக்கப்பட்டது. கி.மு. 7இல் அவள் பெயராற் பொதுமக்களுக்கென ஒரு தூண்மண்டபம் திறக்கப்பட்டது. அதனோடு இல்லற ஒற்றுமைக்குரிய தெய்வமாகிய கொன்கோர்டியாவுக்கு அவள் ஒரு கோயிலும் எடுத்தாள். நெற்றியின்மேற் சுருட்டி முடிந்த அவளது எளிய கூந்தற் கோலம் மாகாணங்களெங்கும் சிலைகளிற் பரவியது. நூல் நூற்பவளாகக் காட்டப்பட்டவளின் வீட்டிற் கம்பளியை நிறுத்துக் கொடுக்கவே தனி அடிமைகள் இருந்தனர். கருத்துநிலைக்கும் யதார்த்தத்துக்குமிடையேயான தூரத்தை இதனினும் தெளிவாகக் காட்டும் சான்று அரிது.

இவ்வுருவத்தின் சாயல் எமது பிரதேசம் வரை வந்தடைந்தது. ரைபீரியஸ் வெளியிட்ட வெள்ளி நாணயங்களின் ஒரு புறத்தில், செங்கோலும் கிளையும் ஏந்தி அமர்ந்திருக்கும் ஒரு பெண்ணுருவம் உண்டு. ஆய்வாளர் பலர் அதனை லிவியாவெனக் கொள்வர். கோயம்புத்தூர்ப் பகுதியிலும் தென்னிந்தியாவின் பிறவிடங்களிலும் புதையல்களாகக் கிடைத்த உரோம வெள்ளி நாணயங்களுள் ஒகஸ்ரஸ், ரைபீரியஸ் ஆகியோர் காலத்தனவே மிகுதி. மிளகுக்கும் முத்துக்கும் விலையாக அவை இங்கு வந்தன. இந்தியா, சீனா, அராபியா ஆகிய நாடுகள் ஆண்டுதோறும் 10 கோடி செஸ்ரேர்ஸ் பணத்தை உரோமப் பேரரசிலிருந்து ஈர்த்துக்கொள்வதாகவும், அது பெண்களின் ஆடம்பரத்தால் விளைந்ததெனவும் பிளினி முறையிட்டார். வணிகத்தின் இலாபம் ஆண்களின் கணக்கிலும் பழி பெண்களின் கணக்கிலும் எழுதப்பட்டமை கவனிக்கத்தக்கது.

நல்லில்லாள் என்னும் உருவம் அலங்காரத்துக்காக மட்டும் அமைந்ததன்று. அதற்குப் பின்னாற் சட்டம் நின்றது. கி.மு. 18இலும் கி.பி. 9இலும் இயற்றப்பட்ட சட்டங்கள் திருமணத்தையும் பிள்ளைப்பேற்றையும் குடிமக்களின் கடமையாக்கின. மனைவியின் பிறழ்ச்சியைப் பொதுக் குற்றமாக்கின. மூன்று பிள்ளைகளைப் பெற்ற சுதந்திரப் பெண்ணுக்கே பாதுகாவலனிடமிருந்து விடுதலை கிடைத்தது. இரு பிள்ளைகளை மட்டுமே பெற்ற லிவியாவுக்கு, இளைய மகன் துறூசஸ் இறந்த கி.மு. 9இல், மூன்று பிள்ளைகளின் தாய்க்குரிய உரிமை சிறப்பாணையால் வழங்கப்பட்டது. ஒகஸ்ரஸின் சொந்த மகள் யூலியாவோ தந்தையின் அரசியலுக்காக மூன்று முறை மணஞ்செய்து கொடுக்கப்பட்டாள். அவளது மூன்றாம் கணவன் லிவியாவின் மகன் ரைபீரியஸ். கி.மு. 2இற் பிறழ்ச்சிக் குற்றஞ்சாட்டப்பட்டு அவள் பண்டத்தேரியாத் தீவுக்கு நாடுகடத்தப்பட்டாள். ஒரே வீட்டில் ஒருத்திக்குச் சிலை, மற்றவளுக்குச் சிறை. ஆட்சி தனக்குத் தேவையான பெண்ணுருவத்தைப் பேணுவதற்கு இரண்டையுமே பயன்படுத்தியது.

நஞ்சுக் கதைகள்

இனி, லிவியா மீது சுமத்தப்பட்ட கொலைகளை எடுத்துக்கொள்வோம். ஒகஸ்ரஸின் மருகன் மார்செல்லஸ் கி.மு. 23இல் இறந்தான். மகள் வயிற்றுப் பேரரும் தத்துப்பிள்ளைகளுமான லூசியஸ் கி.பி. 2இலும் காயஸ் கி.பி. 4இலும் இறந்தனர். மூன்றாம் பேரன் அகிரிப்பா பொஸ்ருமஸ், ஒகஸ்ரஸ் இறந்த கி.பி. 14இற் கொல்லப்பட்டான். இறுதியாக, அத்திப்பழத்தில் நஞ்சு பூசி ஒகஸ்ரஸையே லிவியா கொன்றாள் என்னும் வதந்தியை டியோ தருகிறார்.

சான்றுகளை நிதானமாக நோக்கின் இக்குற்றச்சாட்டுகள் பெரிதும் தளர்ந்துவிடுகின்றன. மார்செல்லஸ் இறந்த காலத்தில் நோய் பரவிப் பலர் மாண்டனர் என டியோவே கூறுகிறார். லூசியஸ் இறந்தது மசீலியாவில், இன்றைய மார்செய்ல் நகரில். காயஸ் ஆர்மேனியாவிற் பட்ட காயத்தின் பின் லிசியாவில் இறந்தான். ஒகஸ்ரஸ் இறக்கும்போது அவனுக்கு 76 வயது நிறையவிருந்தது. பொஸ்ருமஸின் கொலையொன்றே உறுதியான அரசியற் கொலை. அதற்குக் கட்டளையிட்டவர் யாரென்பதில் பழைய ஆசிரியர்களிடையே கருத்தொற்றுமை இல்லை.

அவ்வாறாயின் இக்கதைகள் ஏன் எழுந்தன? இரு காரணங்களை நாம் கூறலாம். ஒகஸ்ரஸின் ஆட்சி சட்டப்படி முடியாட்சியன்று. ஆதலால் அதற்கு வாரிசுரிமைச் சட்டமும் இருக்கவில்லை. வெளிப்படையாக விவாதிக்க முடியாத அக்கேள்விக்குப் பிறப்பும் திருமணமும் சாவுமே விடையளித்தன. அத்தகைய அமைப்பில் ஒவ்வொரு சாவும் ஐயத்துக்குரியதாவது இயல்பு. அடுத்தது, வரலாற்றை எழுதியோரின் வர்க்க நிலை. ரசிற்றஸ் கி.பி. 97இற் கொன்சலாக இருந்த மூதவை உறுப்பினர், டியோவும் அவ்வாறே. தம் குழுவின் பழைய அதிகாரம் அரண்மனைக்குக் கைமாறிய துயரம் அவர்தம் நூல்களில் ஊடுருவி நிற்கிறது. பேரரசனை நேரே எதிர்க்கவியலாத அக்குழு, அவனுக்கு அணுக்கமாயிருந்த பெண்கள் மீதும் அடிமைநிலை நீங்கியோர் மீதும் தன் வெறுப்பைக் கொட்டியது. கொடிய மாற்றாந்தாய் என்னும் பழைய வார்ப்பு அதற்குக் கைகொடுத்தது. எனவே இக்கதைகளை லிவியாவின் செயல்களுக்கான சான்றாக ஏற்பதிலும், மூதவை வர்க்கத்தின் மனநிலைக்கான சான்றாக ஏற்பதே பொருந்தும்.

தாயும் மகனும்

ஒகஸ்ரஸ் தன் மரணசாசனத்தில் லிவியாவை யூலிய குலத்தில் மகளாகத் தத்தெடுத்து ‘ஒகஸ்ரா’ என்னும் பட்டத்தையும் வழங்கினான். அவன் தெய்வமாக அறிவிக்கப்பட்டபோது அவள் அத்தெய்வத்தின் பூசகியானாள். பேரரசி என நாம் இன்று வழங்கும் சொல்லுக்கு ஓரளவேனும் ஈடான பட்டத்தை அவள் பெற்றது கணவன் இறந்த பின்னரே. மூதவை அவளை நாட்டின் தாய் என அழைக்க விரும்பியது, ரைபீரியஸ் மறுத்தான். அவள் மூதவையினரையும் பிறரையும் தன் வீட்டில் வரவேற்றதும், அது பொதுப் பதிவேட்டிற் குறிக்கப்பட்டதும் உண்மை. ஆயினும் மூதவைக்குள்ளோ படைமுகாமுக்குள்ளோ அவள் ஒருபோதும் புகவில்லை என்று டியோ கூறுகிறார்.

அவளது செல்வாக்கின் தன்மையை இரு வழக்குகள் புலப்படுத்துகின்றன. கி.பி. 16இல் அவளது தோழி ஊர்குலானியா மீது லூசியஸ் பீசோ கடன் வழக்குத் தொடுத்தான். அவள் நீதிமன்றத்துக்குப் போகாது அரண்மனைக்குச் சென்று லிவியாவிடம் தஞ்சம் புகுந்தாள். பீசோ விடாது நின்றமையால், முடிவில் லிவியாவே கடன் தொகையைக் கொடுத்தனுப்பினாள். மற்றையது இதனினும் பாரதூரமானது. லிவியாவின் பேரன் ஜேர்மானிக்கஸ் கி.பி. 19இற் சிரியாவில் இறந்தான். அவனுக்கு நஞ்சூட்டியதாகச் சிரிய ஆளுநன் நேயஸ் பீசோவும் அவன் மனைவி பிளான்சினாவும் குற்றஞ்சாட்டப்பட்டனர். பீசோ தற்கொலை செய்துகொண்டான், பிளான்சினா தப்பினாள்.

ரசிற்றஸ் இதனை லிவியாவின் இரகசிய வேண்டுகோளின் விளைவாக எழுதினார். 1980களின் பிற்பகுதியில் தென் ஸ்பெயினிற் கிடைத்து 1996இல் வெளியிடப்பட்ட வெண்கலப் பட்டயங்கள் இதன் மறுபக்கத்தைக் காட்டின. கி.பி. 20 மார்கழி 10ஆந் திகதியிடப்பட்ட அம்மூதவைத் தீர்மானம், லிவியாவின் வேண்டுகோளுக்கு இணங்கியே பிளான்சினாவுக்குத் தண்டனை விலக்கப்பட்டது என வெளிப்படையாகக் கூறுகிறது. பேரரசனை ஈன்றமையும், எல்லாத் தரத்து மனிதருக்கும் அவள் புரிந்த உதவிகளும் அதற்குக் காரணங்களாகக் காட்டப்படுகின்றன. மூதவையிடம் எதனையும் கேட்க அவளுக்குத் தகுதி உண்டென்றும், அதனை அவள் மிகச் சிக்கனமாகவே பயன்படுத்துகிறாள் என்றும் அத்தீர்மானம் பாராட்டுகிறது. அது பேரரசின் நகரங்களிலும் படைமுகாம்களிலும் பகிரங்கமாக வைக்கப்படவேண்டும் என்றும் ஆணையிடப்பட்டது. பதவியற்ற ஒரு பெண்ணின் அரசியல் அதிகாரம் உரோம அரசின் ஆவணமொன்றில் இத்துணை வெளிப்படையாக ஒப்புக்கொள்ளப்பட்டமை, அவ்வாவணம் கிடைக்கும்வரை ஆய்வாளர் எதிர்பாராதது.

அதே ஆவணம் அவ்வதிகாரத்தின் உள்ளடக்கத்தையும் அம்பலப்படுத்துகிறது. நீதி கோரியவள் ஜேர்மானிக்கஸின் விதவை அகிரிப்பீனா. தண்டனையிலிருந்து காக்கப்பட்டவள் லிவியாவின் தோழி. இருவரும் பெண்களே. பெண் என்பதால் எவரும் காக்கப்படவில்லை. புரவலர் வலையினுள் இருந்தமையாற் காக்கப்பட்டாள். கடனாளியான ஊர்குலானியாவும் சட்டத்தின் முன் நிற்க மறுக்கும் துணிவைப் பெற்றது அதே வலையிலிருந்துதான். சட்டத்தின் முன் சமத்துவம் என்னும் குடியரசுக் கோட்பாட்டில் எஞ்சியிருந்ததும் இவ்வாறு தேய்ந்தது.

கி.பி. 29இல் லிவியா தன் 86ஆம் வயதில் இறந்தபோது, கப்ரித் தீவில் வாழ்ந்த ரைபீரியஸ் ஈமச்சடங்குக்கு வரவில்லை. இளைஞனான கலிகூலாவே இரங்கலுரை நிகழ்த்தினான். அவளைத் தெய்வமாக்க ரைபீரியஸ் மறுத்தான். அவளது மரணசாசனத்தையும் நிறைவேற்றவில்லை. அவ்வாண்டிலேயே அகிரிப்பீனா நாடுகடத்தப்பட்டாள். பாதுகாவலை இழந்த பிளான்சினா கி.பி. 33இல் மீண்டும் குற்றஞ்சாட்டப்பட்டுத் தற்கொலை செய்துகொண்டாள். மூதவை தீர்மானித்த வெற்றி வளைவு கட்டப்படவேயில்லை. கி.பி. 42இல், தன் ஆட்சிக்கு ஒகஸ்ரஸின் குடும்பத் தொடர்பைக் காட்டவேண்டியிருந்த குளோடியஸ் அவளைத் தெய்வமாக அறிவித்தான்.

முடிவுரை

இதுவரை கூறியவற்றிலிருந்து சில முடிவுகளுக்கு நாம் வரலாம். லிவியாவின் செல்வாக்கு உண்மையானது; ஆனால் அதன் ஊற்று அவளது தந்திரமும் அன்று, கற்பும் அன்று. பொது அதிகாரம் ஒரு குடும்பத்தின் உடைமையாக மாறிய வரலாற்று நிகழ்வே அதனைத் தோற்றுவித்தது. மாகாணங்களின் நிலமும் அடிமைகளின் உழைப்பும் அதனைத் தாங்கின. பரிந்துரையும் கொடையும் அதன் கருவிகளாயின. சட்டத்தில் அதற்கு இடமில்லாமையால் அது அவளோடு தோன்றி அவளோடு மறைந்தது. பின் வந்த மெசலீனாவும் இளைய அகிரிப்பீனாவும் அதனை ஒவ்வொரு முறையும் புதிதாகவே தேடவேண்டியிருந்தது. இருவரும் கொலையுண்டே முடிந்தனர்.

அரசியலின் உச்சியில் ஒரு பெண் இருப்பதை அக்காலப் பெண்களின் உயர்வுக்குச் சான்றாகக் கொள்ளும் போக்கு இன்றும் எம்மிடையே உண்டு. லிவியாவின் வரலாறு இவ்விடயத்தில் எம்மை எச்சரிக்கிறது. அவளுக்கு விதிவிலக்காக வழங்கப்பட்டவை பிற பெண்களுக்கு விதியாக வழங்கப்படவில்லை. அவளது புகழ் ஓங்கிய அதே ஆண்டுகளிலேதான் பெண்களின் இல்வாழ்க்கை அரசின் கண்காணிப்புக்கு உட்பட்டது. அதே வேளை, அவளை நஞ்சூட்டியாக மட்டும் காண்பதும் வீழ்ந்த ஆளுங் குழுவொன்றின் கசப்பை வரலாறென மயங்குவதாகும்.

அப்பிய வீதிக் கல்லறையிலே பெயர் பொறிக்கப்பட்ட கூந்தல் அலங்கரிப்பவளும் தையற்காரியும் மருத்துவிச்சியும் உரோமப் பெண்களே. அவர்களைப் பற்றி ரசிற்றஸ் ஒரு சொல்லும் எழுதவில்லை. பெயரும் தொழிலும் மட்டுமே எஞ்சிய அச்சிறு பலகைகளையும் பேரரசியின் சிலைகளோடு சேர்த்து வாசிக்கும்போதே உரோமப் பெண்களின் வரலாறு முழுமையை நோக்கி நகரும்.